எல்லாப் படத்திலும் ஒரே ஆடு

எனக்கு ஆடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் முல்லைத்தீவுக் கடற்கரைக்காரி. மீன் என்றால் கண்ணைப் பார்த்தே இன்றைக்குப் பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லி, விற்பவரோடு சண்டைக்கும் நிற்பேன். ஆடு என்றால் நாலு கால், ஒரு வால், கத்தும். என் அறிவு அதோடு முடிந்தது. இந்த அறியாமையால் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை, கிளிநொச்சியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் பழைய படங்களைப் பொறுப்பெடுக்கும்வரை.

நிறுவனம் வன்னிக்குள் கால் வைத்த நாளிலிருந்து எடுத்த படங்கள், ஒலிநாடாக்கள், கூட்டங்களில் பிள்ளைகள் கீறிய சித்திரங்கள் எல்லாம் வவுனியா அலுவலகத்தின் பின்னறையில் இரண்டு இரும்பு அலுமாரிகளுக்குள் கிடந்தன. கிளிநொச்சியில் இருந்தவை யுத்தத்தோடு போய்விட்டன. படச்சுருளைக் கழுவவும் மற்றவற்றைச் சேமிக்கவும் வவுனியாவுக்கு அனுப்பும் வழக்கம் இருந்தபடியால் இவை மட்டும் தப்பின. எத்தனையோ வருடமாக எலிகள் மட்டும் பார்த்துவந்த அலுமாரிகளை, வெளிநாட்டிலிருந்த தலைமை அலுவலகம் ஒருநாள் திடீரென்று நினைத்துக்கொண்டது. பழைய ஆவணங்களை மக்களிடம் கொண்டுபோக வேண்டும், மக்கள் அவற்றிலிருந்து கற்க வேண்டும் என்று அறிவித்தார்கள். என்னத்தைக் கற்க வேண்டும் என்று அறிவிக்கவில்லை.

எங்கள் பணிப்பாளர் நல்ல மனிதர். ஆனால் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு வரி வந்தாலே அவருக்குக் கையும் ஓடாது காலும் ஓடாது.

"பிள்ளை, சனம் படத்தைப் பாத்திட்டுச் சும்மா போகக் கூடாது. படிச்சிட்டுப் போகவேணும்" என்று சொல்லி, படத்துக்குப் படம் கேட்க வேண்டிய கேள்விகளையும் அவரே தயாரித்துத் தந்தார். முதலாவது கேள்வி, "இப்படத்தில் நீங்கள் காண்பது என்ன?" என்பது. கண் தெரிகிறவர்களிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைத்தேன். சொல்லவில்லை, அப்போது நான் வேலைக்குப் புதிது.

முரசுமோட்டைக்கு அப்பால் வாய்க்கால் ஓரமாக இருக்கும் ஒரு குடியேற்றத்தில் முதல் கண்காட்சி. மலையகத்துக் கலவரங்களுக்குத் தப்பி வந்து, காடு வெட்டிக் குடியிருந்தவர்களின் ஊர். தேயிலைக் கொழுந்து பறித்தவர்களின் பிள்ளைகள் அங்கே நெல் விதைக்கிறார்கள். பேச்சில் பாதி மலை, பாதி வன்னி. கண்காட்சிக்கு முன்பள்ளிக் கட்டடத்தைத் தந்தார்கள். கதிரைகள் எல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கானவை. வந்த பெரியவர்கள் முழங்கால் காதில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுபோன, மீன் பிடிக்கிற தங்கூசி நூலைச் சுவருக்குச் சுவர் இழுத்துக் கட்டி, உடுப்புக் காயப் போடுகிற கிளிப்புகளால் படங்களைத் தொங்கவிட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

எங்கள் பக்கத்தில் உதவி வாங்கினால் படத்துக்கு நிற்க வேண்டும். தண்ணீர்ப் பம்பு வாங்கியவர் பம்பின் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்பார். தையல் மெசின் வாங்கியவர் தைக்கத் துணியில்லாவிட்டாலும் தைப்பார். மலசலகூடம் கட்டிக் கிடைத்தவர் அதன் கதவைப் பிடித்துக்கொண்டு, குடும்பத்தோடு, தீபாவளிச் சட்டை போட்டு நிற்பார். ஒருவரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று நினைத்து அடுத்த உதவியை வெட்டிவிடுவார்களோ என்ற பயம்.

அப்படி எடுத்தவைதான் ஆட்டுப் படங்களும். சமாதான காலத்தில் அந்த ஊருக்கு நிறுவனம் வீட்டுக்கொரு ஆடு கொடுத்திருந்தது. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டு வாசலில் நிற்க, முன்னால் ஆடு. அந்தப் படங்களுக்கென்று ஒரு முழு வரிசையை ஒதுக்கியிருந்தேன். படங்களில் இருந்த மனிதர்கள் எல்லாரும் எங்கெங்கோ பார்க்க, ஆடுகள் மட்டும் நேரே கமராவைப் பார்த்தபடி நின்றன. கெட்டிக்கார ஆடுகள் என்று நினைத்தேன்.

கண்காட்சி அன்று, அந்த வரிசையின் நடுவுக்கு வந்ததும் பெண்கள் தங்களுக்குள் ஏதோ குசுகுசுத்தார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்தினாள். வரிசை முடியும்போது முன்பள்ளிக் கூரை கழன்று விழும்போலச் சிரிப்பு.

"என்ன, எனக்கும் சொன்னால் சிரிப்பன்தானே" என்றேன்.

"மிஸ், எல்லாம் ஒரே ஆடு மிஸ்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளை, இடது காது கிழிந்திருந்தது. அடுத்த படத்தில் கறுப்பு ஆடு, நெற்றியில் வெள்ளை, இடது காது கிழிந்திருந்தது. இத்தனை நாளாக நான் இவற்றைத் தூசி தட்டி, வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றின் கீழும் "ஆடு பெற்ற குடும்பம்" என்று தனித்தனியாக எழுதி ஒட்டியிருக்கிறேன்.

ஆளுக்கொரு பக்கமாக எல்லாரும் ஒன்றாய்க் கதைத்ததில் எனக்கு விளங்கியது இவ்வளவு. அன்றைக்கு ஆடு கொண்டுவந்த லொறி ஓமந்தைச் சோதனைச் சாவடியில் மறிபட்டுவிட்டது. படம் எடுப்பவரோ மாலைக்குள் திரும்ப வேண்டும். ஆடு வரும்வரை அவர் நிற்க மாட்டார். அவர் போனபின் ஆடு வந்து என்ன பயன்? அதனால் ஊரில் ஏற்கெனவே ஆடு வைத்திருந்த ஒரேயொரு வீட்டிலிருந்து ஆட்டை இரவல் வாங்கி, வீடு வீடாகக் கொண்டுபோய் நிறுத்திப் படம் எடுத்தார்கள். லொறி மறுநாள் வந்தது. எல்லாருக்கும் ஆடு கிடைத்தது. படம்தான் ஆட்டுக்கு முந்திவிட்டது.

பணிப்பாளர் ஒரு குட்டிக் கதிரையில் அமர்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். எழும்பினார், கதிரையும் அவரோடு சேர்ந்து எழும்பியது. அதைக் கழற்றிவிட்டு என் காதுக்குள் சொன்னார்.

"பிள்ளை, முதல்ல அந்த வரிசையைக் கழட்டுங்கோ. தலைமை அலுவலகத்தில ஆரும் பாத்தால், ஒரு ஆட்டை ஊர் முழுக்கக் குடுத்துக் கணக்குக் காட்டினமெண்டு நினைப்பினம். கண்டறியாத ஆடு."

கழற்றுவதற்காக முதல் கிளிப்பில் கை வைத்தேன். "மிஸ், கொஞ்சம் பொறுங்க" என்று ஒரு குரல் கேட்டது.

அந்த ஆட்டின் சொந்தக்காரி. அறுபதை எட்டும் வயது, மெலிந்த உடம்பு, கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துவிட்டுக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கும் பழக்கம். எல்லாரும் சிரித்தபோது இவரும் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுப் படத்தின் ஓரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் அவரை இனி அக்கா என்றே சொல்லுகிறேன், அப்படித்தான் கூப்பிட்டேன்.

"இப்படத்தில் நீங்கள் காண்பது என்ன?" என்று பணிப்பாளரின் கேள்வியை ஒரு பகிடிக்குக் கேட்டேன்.

"எங்க அவரு கை" என்றார்.

ஆட்டின் கழுத்துக் கயிறு படத்தின் ஓரத்துக்குப் போகிறது. அந்த ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு ஆணின் கை. மணிக்கட்டில் மணிக்கூடு, அதன் முகம் உட்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருந்தது.

"அது ஓடாது மிஸ். ஓடாத மணிக்கூட்டக் கட்டிக்கிட்டு ஊரு பூரா திரிவாரு. மணி கேட்டா வானத்தப் பாத்துச் சொல்வாரு."

ஆடு வேறு யாருக்கும் அடங்காதாம். அவர்தான் வீடு வீடாகக் கொண்டுபோய்ப் பிடித்திருக்கிறார். ஆனால் அவரைப் படத்தில் விடவில்லை. ஏற்கெனவே ஆடு இருந்தபடியால் அவர் பெயர் திட்டத்தில் இல்லை. பெயர் இல்லாதவர் படத்திலும் இருக்கக் கூடாது என்று படம் எடுப்பவர் அவரைத் தள்ளித் தள்ளி நிற்கச் சொல்லியிருக்கிறார். இல்லாதவனுக்குத்தான் கொடுப்பார்கள், சரி. ஒரு ஆடு இருந்த குற்றத்துக்கு மனிதனையே வெட்டிவிடுவதா? எனக்கு அங்கேயே கோபம் வந்தது, இருபது வருடம் பிந்தித்தான்.

அக்காவின் கணவர் அதற்குச் சில மாரிகள் கழித்து வயலில் பாம்பு கடித்து இறந்துபோனார். அதன்பிறகு இடப்பெயர்வு. அடையாள அட்டை, கலியாணப் படம் எல்லாம் வைத்திருந்த ட்ரங்குப் பெட்டியை எங்கே விட்டார்கள் என்றே அக்காவுக்கு ஞாபகமில்லை.

"கலியாணப் படத்துலயும் கண்ண மூடிட்டாரு. இருந்தாலும் மூஞ்சி மூஞ்சிதானே மிஸ்."

ஒரே மகள். அப்பா சாகும்போது மிகவும் சின்னவள், முகம் நினைவில்லை. ஆவணியில் அவளுக்குக் கலியாணம். தாலி கட்டிய கையோடு அப்பாவின் படத்தை விழுந்து கும்பிட வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கும்பிடப் படம் இல்லை. கிளிநொச்சி ஸ்டூடியோக்காரர் ஒரு வழி சொல்லியிருந்தார்: இறந்தவரின் தம்பி படத்தைக் கொண்டுவந்தால், கொஞ்சம் மாற்றி, கோட்டு மாட்டி, அண்ணன் ஆக்கித் தருவாராம். தம்பிக்காரர் அங்கேதான் நின்றார்.

"உசிரோட இருக்கிற எனக்கு மாலை போடப் பாக்கிறாங்க மிஸ்" என்று என்னிடமே முறையிட்டார்.

அதற்குப்பிறகு கண்காட்சி எங்கள் கையில் இல்லை. ஆட்டு வரிசையைப் பெண்களே கழற்றினார்கள். தரையில் பரப்பி, ஓரங்களை மட்டும் பார்க்கத் தொடங்கினார்கள். ஒன்றில் கை. இன்னொன்றில் முழங்கை. ஒன்றில் உடுத்த சாரத்தின் மடிப்பும் ஒரு முழங்காலும். ஒன்றில் பாதம் மட்டும், செருப்பில்லாமல். இது உன் மாமனார் கால், இல்லை இது அவர்தான், பெருவிரலைப் பார் என்று வாக்குவாதம். பணிப்பாளர்கூடக் குனிந்து, "இதில தோள் தெரியுது" என்று ஒரு படத்தைத் தூக்கிக் கொடுத்தார். அவர் தயாரித்த கேள்விகளுக்கு இப்படி ஒரு கூட்டம் ஒரு நாளும் தலையைப் போட்டு உடைத்திருக்காது.

ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக அடுக்க அடுக்கத் தரையில் ஒரு மனிதர் படுத்திருந்தார். கழுத்து வரைக்கும்.



"தலை மட்டும் இல்ல" என்றார் அக்கா. "அந்தப் படம் புடிச்சவரு ஒரு தடவையாவது கை தவறித் தலையை விட்டிருக்க மாட்டாரா மிஸ்?"

"நான் தேடி எடுத்துத் தாறன் அக்கா" என்று சொல்லிவிட்டேன். வாய் எனக்கு எப்போதும் மூளைக்கு முன்னால் ஓடும். அலுமாரியில் அப்படி ஒரு படம் இல்லை என்பது அங்கிருந்த எல்லாரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கிளிநொச்சிக்குத் திரும்பும் வழியெல்லாம் வான் வண்டிக்குள் பணிப்பாளரோடு சண்டை. இல்லாததை ஏன் சொன்னீர் என்று அவர். இல்லாத ஆட்டைப் படம் எடுத்தது யார் என்று நான். கடைசியில், கண்காட்சிப் படங்களைத்தவிர வேறு என்ன இருக்கிறது என்று இருவரும் யோசித்தோம்.

"கழுவின பிலிம் எல்லாத்தையும் வைச்சிருந்தவையோ?" என்று கேட்டேன்.

"பழுதாப்போனதைத் தனிய ஒரு பெட்டியில போடுறவை. அதைப் பாத்து என்ன செய்யப்போறீர்? ஆடிப்போனது, அரைவாசி விழுந்தது. அதுதானே பழுது."

"அதுதானே எனக்கு வேணும்" என்றேன்.

அடுத்த பஸ்ஸில் வவுனியாவுக்குப் போனேன். பழுதான பிலிம்களின் பெட்டி அலுமாரிக்கு மேலே, உடைந்த மின்விசிறிக்கு அடியில் இருந்தது. ஒருவருக்கும் வேண்டாத படங்களை ஏன் எறியாமல் வைத்தார்கள் என்று தெரியாது. எங்கள் அலுவலகங்களில் எறிவதற்கும் மேலிடத்து அனுமதி வேண்டும், அதனால் இருக்கலாம். வாழ்க அந்த விதி.

பிலிம் துண்டுகளை ஒவ்வொன்றாக யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் என் மடத்தனம் எனக்கே உறைத்தது. பிலிமில் முகம் எல்லாம் கறுப்பு, தலைமயிர் எல்லாம் வெள்ளை. அதைவிட, நான் தேடுகிற மனிதரின் முகத்தை நான் கண்டதே இல்லை. அது யாராகவும் இருக்கலாம். பிறகு, சரி, எனக்குத் தெரிந்தது அந்த ஆடுதானே, ஆட்டைத் தேடுவோம் என்று தொடங்கினேன். பிலிமில் வெள்ளை ஆடு, நெற்றியில் கறுப்பு. ஆடுகளைப் பற்றி ஒன்றும் தெரியாத நான், அன்று பின்னேரத்துக்குள் அந்த ஆட்டை எந்தக் கோணத்திலும் கண்டுபிடிக்கிற ஆளாகிவிட்டேன். வால் மட்டும் விழுந்திருந்தாலும் தெரிந்தது.

கடைசிக்குச் சற்று முன்னால் வந்த துண்டில் ஆடு நிலத்தில் நிற்கவில்லை. முன்னங்கால் இரண்டையும் தூக்கிப் பாய்ந்துகொண்டிருந்தது. ஆடு பெற வேண்டிய குடும்பம் பின்னால் கலைந்து ஓடியது. கயிற்றோடு ஒருவர் படத்தின் நடுவுக்கே இழுபட்டு வந்திருந்தார். தலை, உடம்பு, கை, கால், எல்லாம். மணிக்கட்டில் மணிக்கூடு.

கைத்தொலைபேசியால் அதைப் படம் எடுத்து, கறுப்பை வெள்ளையாக்கிப் பார்த்தேன். முகம் வந்தது. வாய் ஆவென்று திறந்திருந்தது. நெற்றி சுருங்கி, ஒரு கண் மற்றதைவிடச் சின்னதாக, கமராவுக்குச் சற்றுப் பக்கத்தில் எங்கோ பார்த்து எதையோ கத்திக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒரு மனிதரைக் கண்டதற்கு நான் அந்தப் பின்னறையில் தனியாக இருந்து அழுதேன். எலிகள் இருந்திருந்தால் அவைதான் சாட்சி.

பெரிதாக அச்சடித்துக்கொண்டு போய்க் கொடுத்தபோது அக்கா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டார். மகள் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். நான் பிழையான ஆளைக் கொண்டுவந்துவிட்டேனோ என்று இருவர் முகத்தையும் பார்த்தேன்.

"ஏசுறாரு" என்றார் அக்கா.

"ஆரை அக்கா?"

"என்னையத்தான். ஆடு கமராவப் பாக்கணும்னு அந்தப் படக்காரருக்குப் பக்கத்துல நான் இலைக் குழை ஒடிச்சுக் காட்டிக்கிட்டு நின்னேன். எல்லா வீட்டுலயும் நல்லாத்தான் நின்னுச்சு. அந்த வீட்டுல கொஞ்சம் கிட்டக் காட்டிட்டேன். பாஞ்சிருச்சு. குழையைக் கீழ போடு, கீழ போடுன்னு கத்துறாரு." சொல்லிக்கொண்டே சிரித்தார். பிறகு சிரிப்பு அழுகையாகிவிட்டது, இரண்டும் ஒன்றாகவே நடந்தது. மகள் படத்தை வாங்கித் தன் மூக்கையும் படத்து மூக்கையும் மாறி மாறித் தொட்டுப் பார்த்தாள்.

ஸ்டூடியோக்காரர் தன் பங்குக்கு உற்சாகமாகிவிட்டார். ஆட்டை அழித்துவிடலாம், வாயை மூடிவிடலாம், பின்னால் ரோசாப்பூத் தோட்டம் போடலாம், கோட்டு கட்டாயம் என்றார்.

"வாய மூடுனா அது அவரு இல்ல" என்றார் அக்கா. "ஆடும் இருக்கட்டும். அது இழுத்துவராட்டி இவரு எங்க வந்திருக்கப் போறாரு?"

பணிப்பாளருக்கு அந்தக் கதை மெல்ல மெல்லப் பெருமையாகிவிட்டது. ஆட்டு வரிசை இப்போது எல்லாக் கிராமத்துக்கும் போகிறது. "லொறி பிந்திய நாள்" என்று அவரே அதற்குத் தலைப்பு வைத்தார். பூநகரியில் அதைப் பார்த்த ஒருவர், தங்கள் ஊர்ப் படங்களில் எல்லாரும் ஏறி நின்றது ஒரே வள்ளத்தில்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். அது வேறு விசாரணை. முதலாவது கேள்வியை மட்டும் நான் மாற்றிவிட்டேன். இப்போது, "இப்படத்தில் விடுபட்டவர் யார்?" என்று கேட்கிறோம். கூட்டத்தை முடித்துவைப்பதுதான் கஷ்டம்.

ஆவணியில் கலியாணத்துக்குப் போனேன். கோயில் முன்றலில் பந்தல். மணவறைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் படத்தை வைத்து, மல்லிகை மாலை போட்டு, முன்னால் விளக்கு ஏற்றியிருந்தார்கள். மாலை ஆட்டுக்கும் சேர்த்துத்தான் விழுந்திருந்தது. தம்பிக்காரர் வந்து அண்ணனைக் கும்பிட்டுவிட்டு, எனக்குக் கேட்கும்படியாக, "தப்பினேன்" என்றார்.

அக்காவைக் காணவில்லை. தேடிப் போனால் சமையல் கொட்டிலின் வாசலில் நின்றார். பட்டுச் சேலை கட்டியிருந்தார், பொட்டு இல்லை. புருசன் இல்லாதவள் தாலி கட்டும்போது மணவறைப் பக்கம் வரக் கூடாதாம். பெற்று, வளர்த்து, இடம்பெயர்ந்த நேரம் இடுப்பில் சுமந்து வந்தவள் சாம்பார்ச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வந்த கோபத்தில் ஐயரிடமே கேட்கக் கிளம்பினேன். அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார்.

"விடுங்க மிஸ். நல்ல நாள்ல சண்டை வேணாம். எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. அந்தக் கதிரையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பி வைங்க."

போய்த் திருப்பினேன்.

"இன்னும் கொஞ்சம்" என்று அங்கிருந்து கையால் காட்டினார்.

இன்னும் கொஞ்சம் திருப்பினேன். மேளக்காரர்கள் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். நான் பொருட்படுத்தவில்லை. அக்கா கொட்டில் வாசலில் தான் நிற்கப்போகும் இடத்தில் நின்று, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தைப் பார்த்தார். நான் அவரிடம் திரும்பி வந்தேன்.

"இப்ப சரி" என்றார். "இப்ப என்னையத்தான் ஏசுறாரு."